ஒன்பதாவது கேள்வி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நாலு வார்த்தை எழுதித் தரச்சொல்லி நம் கிளினிக்கின் தலைமை மிஸ்ஸி, அதாவது தலைமை நர்ஸ், கேட்டார். "மனச்சோர்வு நோயாளிங்கள எப்படிப் பாத்துக்கணும்னு எழுதுங்கக்கா, கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும்" என்றார். உற்சாகம் வேண்டுமென்றால் காத்திருக்கும் கூடத்துச் சுவரைப் பாருங்கள். சூரியகாந்திப் பூப் போட்ட போஸ்டர் ஒன்று இன்னும் அங்கேதான் தொங்குகிறதாம். 'சிரியுங்கள், மனச்சோர்வு மறையும்' என்று மூன்று மொழியில் அச்சடித்திருக்கும். ஓய்வு பெற்ற அன்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். ஏறி நிற்க நாற்காலி கிடைக்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். சிரித்தே சரியான வியாதி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கால் முறிந்து கிடப்பவனிடம் போய் எழுந்து ஆடு, சரியாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. மனச்சோர்வு வந்தவனுக்கு மட்டும் ஊரே டாக்டர். ரொம்ப யோசிக்காதே என்பார் ஒருவர். கேமரன் மலைக்குப் போய்விட்டு வா என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சம்பழம் மந்திரித்துத் தருவாள். இவர்களையெல்லாம் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். இவர்களைவிட மோசமான ஓர் ஆள் அந்தக் கிளினிக்கிலேயே வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றித்தான் இது.

காஹாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். குணசேகரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரை எழுதமாட்டேன். ஒரு வாரம் காஸ்திரிக் என்பார், அடுத்த வாரம் முதுகு என்பார், அதற்கடுத்த வாரம் ராத்திரி தூக்கமில்லை, தலை பாரமாக இருக்கிறது என்பார். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், படம் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ லீவுச் சீட்டு, வாங்கிக்கொண்டு போவார். லீவுக்காக நோய் சொல்லுகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன? முகப்புக் கவுன்டரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்தது: எம்.சி. ராஜா. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். அந்தப் பெயரை வைத்த புத்திசாலி நான்தான்.

இத்தனைக்கும் அவரை எனக்குக் கோயிலில் நன்றாகத் தெரியும். உறுமி மேளத்தில் அவர் அடித்தால் காவடி எடுக்காதவர்களுக்கும் கால் நிற்காது. அந்த வருஷத் திருவிழாவில் தோள்பட்டை வலி என்று ஓரமாக நின்றார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு இருந்தன. அதையும் பார்த்தேன். அண்ணன் உடம்பைக் குறைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பசி இல்லை, தூக்கம் இல்லை, உயிராக நினைத்த மேளத்தின்மேல் ஆசை இல்லை. பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற அடையாளங்கள் மூன்றும் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றன, நான் பெல்ட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். சீனப் பெண், குழந்தை முகம். என் சர்வீஸ் அளவுக்குக்கூட அவருக்கு வயது இல்லை. குணாவின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வித் தாளை என்னிடம் நீட்டி, "கக், இவரிடம் தமிழிலேயே கேளுங்கள்" என்றார். மலாயில் கக் என்றால் அக்கா. தாள் மலாயில் இருந்தது. தமிழ்த் தாளும் உண்டு என்று எப்போதும் சொல்வார்கள், எங்கள் அலமாரியில் அது இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் என்ன? மொழிபெயர்ப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அது வெள்ளிக்கிழமை காலை. குணா விபூதி பூசிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதிலாவது ஈடுபாடு இருக்கிறதா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, தன்மேலேயே வெறுப்பு வருகிறதா. எல்லாவற்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னார். எட்டு முடிந்து ஒன்பது வந்தது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளவேண்டும் என்றோ தோன்றியிருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

நம் வீடுகளில் வெளியே கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொன்னாலே வாயில் அடிப்பார்கள், 'வரேன்' என்றுதான் சொல்லவேண்டும். அப்படி வளர்ந்தவள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, நெற்றி நிறைய விபூதியோடு வந்திருக்கும் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, அண்ணே உங்களுக்குச் சாகணும்னு தோணுதா என்று எப்படிக் கேட்பேன்? சாபம் விடுவது போல இருந்தது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்டால்தான் ஆளைக் காப்பாற்ற முடியும் என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், கறிபாப் சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இப்போது கேட்காமலேயே ஒன்பதாவது கட்டத்தில், 'இல்லவே இல்லை' என்பதற்கான சைபரைப் போட்டேன்.

"அவ்வளவுதாண்ணே, முடிஞ்சிச்சு."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானா மிஸ்ஸி?"

"அவ்வளவுதான். மனச தைரியமா வெச்சிக்குங்க. உங்களுக்கு என்ன கொறச்சல் சொல்லுங்க? சொந்த வீடு, தங்கமான பொண்டாட்டி, பிள்ள நல்லாப் படிக்குது."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். இந்த 'என்ன குறைச்சல்' இருக்கிறதே, அதைச் சொன்னால் உங்கள் நாக்கை நீங்களே கடித்துக்கொள்ளுங்கள். ஒரு குறையும் இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்றுதான் அந்த மனிதர் ஏற்கெனவே தன்னைத் தின்றுகொண்டிருக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சிக்கு மேலே நீங்கள் ஒரு கல்லைத் தூக்கி வைக்கிறீர்கள், அதுவும் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. டாக்டர் தாளைப் பார்த்தார். ஒன்பதில் சைபர் இருந்ததால் அன்றைக்கே அனுப்ப வேண்டிய அவசரம் இல்லை என்று முடிவு செய்து, மனநல ஆலோசகரிடம் நாள் வாங்கிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார்.

பத்து நாள் கழித்து அவருடைய மனைவி லீலா தன் பிரஷர் பார்க்க வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"மிஸ்ஸி, அவரு இப்ப ரொம்ப நல்லாயிட்டாரு. கோவமே இல்ல. ஸ்டோர் ரூம சுத்தம் பண்ணி வெச்சாரு. வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் எங்க இருக்குன்னு எனக்கு எடுத்துக் காட்டுனாரு. அவரோட உறுமியக்கூட மேளக்காரப் பசங்களுக்குக் குடுத்துட்டாருலா. யாரையும் தொட விடமாட்டாரே, தெரியும்தானே?"

"பாத்தியா? தைரியம் சொன்னா போதும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். பெருமை தாங்கவில்லை. அந்தச் சின்ன டாக்டருக்கும் என் திறமை தெரியட்டும் என்று பக்கத்து அறைக்குப் போய், உங்கள் நோயாளி குணமாகிவிட்டார் என்று மலாயில் முழுக் கதையையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னவெல்லாம் கொடுத்துவிட்டார் என்று மறுபடியும் சொல்லுங்கள், கக்." சொன்னேன். "அவரை இப்போதே வரவழைக்க வேண்டும். நாளைக்கு அல்ல, இப்போதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவன் மனம் தெளிந்து நாலு நல்ல காரியம் செய்தால் இந்தப் பிள்ளைக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று நினைத்தேன். நெடுநாள் தவித்தவர் திடீரென்று அமைதியாவதும், உயிருக்கு உயிரான பொருளைத் தூக்கிக் கொடுப்பதும், காகிதங்களை ஒழுங்கு செய்வதும் விடைபெறுகிறவரின் வேலையாக இருக்கலாம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. டாக்டர் பழைய தாளை எடுத்தார். ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதைக் கேட்டீர்களா?"

"கேட்டேன்" என்றேன்.

எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஒரு மனிதனின் உயிர் ஒரு பக்கம், என் சர்வீஸ் மரியாதை ஒரு பக்கம். நான் எதைக் காப்பாற்றினேன் பாருங்கள்.

டாக்டர் லீலாவை உள்ளே கூப்பிட்டுப் புருஷனுக்குப் போன் செய்யச் சொன்னார். மூன்று தடவை மணி அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. அவள் முகத்திலிருந்த மலர்ச்சி ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை, அவளே புரிந்துகொண்டாள். நாலாவது தடவை எடுத்தார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? குரலில் ஒரு நடுக்கம் இல்லாமல், "ஏங்க, எனக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு, டாக்டர் வீட்டுக்கு விடமாட்றாங்க, ஒடனே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள். ஒரே காலையில் அந்த அறையில் இரண்டு பேர் பொய் சொன்னோம். அவள் சொன்னது அவரைக் கொண்டுவந்து சேர்த்தது.

அரை மணி நேரத்தில் லோரியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். லீலா நன்றாக இருப்பதைக் காட்டிவிட்டு, டாக்டர் அவரை உள்ளே உட்காரவைத்து, என்னையும் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார், தன் போனை அணைத்து மேசைக்குள் போட்டார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. தூக்கம் வருகிறதா என்று கேட்கும் அதே குரலில், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று மலாயில் கேட்டார்.

"ஆடா, டோக்டர்" என்றார் குணா. இருக்கிறது. "ஹாரி-ஹாரி ஆடா." தினம் தினம் இருக்கிறது.

சொல்லிவிட்டு மேசைமேல் கோணலாக இருந்த டிஷ்யூப் பெட்டியை நேராக நகர்த்தி வைத்தார். டாக்டர் மேலும் கேட்டார், அவர் எல்லாவற்றையும் சொன்னார். எப்படி என்று யோசித்து வைத்திருந்தார், அதை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்கு அது தேவையும் இல்லை. எப்போது என்பதை மட்டும் சொல்கிறேன். மகள் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைசித் தாள் முடியட்டும் என்று காத்திருந்தார். கடைசித் தாளுக்கு நாலு நாள் இருந்தது.

அன்றைக்கே அவரைப் பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் போன பிறகு டாக்டரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். சைபரின்மேல் ஒரு கோடு இழுத்து, 'கேட்கப்படவில்லை' என்று மலாயில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நான் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன். நன்றாகத் திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "அடுத்த தடவை கேளுங்கள், கக்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சரி, இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால் நீங்கள் நிறைய நாடகம் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நம் ஊரில் வசவுக்குத்தான் பயன்படுத்துவார்கள். அதனால் புருஷன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று லீலா தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்தாள். வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தவருக்கு மாத்திரையால் முதலில் கிடைத்தது வாய் வறட்சியும் குமட்டலும்தான்.

"தலவலிக்குப் பனடோல் போட்டா அரை மணியில கேக்குது மிஸ்ஸி. இது ரெண்டு வாரமாச்சு, என்னா மருந்துலா இது?" என்று எனக்குப் போன் போட்டாள்.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மருந்தைக் குப்பையில் போடுகிறார்கள். முதலில் தூக்கம் திரும்பும், பிறகு பசி, மனம் கடைசியாகத்தான் வரும், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்று டாக்டர் சொன்னதையே அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். உடம்பில் தெம்பு வந்து மனம் இன்னும் தெளியாத அந்த ஆரம்ப நாட்கள்தான் ஆபத்தானவை, அவரைத் தனியாக விடாதே, மாத்திரைப் பெட்டி உன் கையில் இருக்கட்டும் என்றேன். ஆலோசகர் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். வீட்டு இரும்புக் கேட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கம்பிக்குச் சாயம் அடிக்கவேண்டும், அதற்கு மேல் கூடாது. இதற்கா படித்துப் பட்டம் வாங்கினார் என்று நான் வாய்விட்டே கேலி செய்தேன். மூன்றாவது வாரம் லீலா போன் செய்து, நேற்று அவர் இரண்டு கம்பி அடித்துவிட்டார், ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டாள். கேலியைச் சத்தமில்லாமல் விழுங்கினேன்.

அப்புறம் தைப்பூசம் வந்தது. குணமானால் பால்குடம் எடுப்பதாக லீலா வேண்டிக்கொண்டிருந்தாள். அவர்தான் எடுக்கவேண்டும். கோயில் தலைவர் அவளைக் கூப்பிட்டு, அது மயக்க மாத்திரை, அதைச் சாப்பிட்டால் விரதம் செல்லாது என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அவளும் நாலு நாள் மாத்திரை கொடுக்கவில்லை. தூக்கம் கெட்டு, தலை சுற்றி, கேட்டுக்குப் பக்கத்திலேயே போகாமல் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட பிறகுதான் எனக்குச் சொன்னாள். அவரை உடனே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு நான் கோயிலுக்குப் போனேன். தலைவர் பந்தல் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். சர்க்கரை பார்க்க அவருடைய ரத்தத்தை மாதாமாதம் எடுத்தவள் நான்.

"தலைவரே, நீங்களும் வெரதம்தானே? இனிப்பு நீர் மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"அது எப்படி நிறுத்தறது மிஸ்ஸி? அது ஒடம்பு சம்பந்தப்பட்டது."

"அப்ப மூளை எங்க இருக்கு? பக்கத்து வீட்லயா?"

பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "சாமி விஷயத்துல வெளையாடக் கூடாது மிஸ்ஸி."

"சாமிக்கு மாத்திர தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான். அந்தாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா இதே பந்தலுக்கு வந்து உங்க பேரச் சொல்லுவேன்."

அன்று சாயங்காலமே தலைவர் லீலாவைக் கூப்பிட்டு, மருந்துக்கு விரதத்தில் தோஷமில்லை என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். டாக்டர் அதற்கு முன்பே மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டிருந்தார். சாமி யாரையும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. குணா பால்குடம் எடுத்தார். உறுமியைத் தொடவில்லை, அதற்கு இன்னும் நாள் இருந்தது. நன்றாகிவிட்டேன் என்று அவராக மருந்தை விடக்கூடாது, நன்றான பிறகும் பல மாதம் தொடர்ந்து, டாக்டர்தான் மெதுவாகக் குறைக்கவேண்டும். இதையும் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

தைப்பூசம் முடிந்து அடுத்த சோதனைக்கு வந்தார். பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பியிருந்தார். நான் அதே ஒன்பது கேள்வித் தாளை மேசைமேல் விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் கேள்வியை மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மிஸ்ஸி, ஒண்ணு சொல்லணும். எனக்கு மலாய் படிக்கத் தெரியும்லா. நான் மலாய்ப் பள்ளியில படிச்சவன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் தாள விரிச்சு வெச்சிருந்தீங்க. நீங்க மொதல் கேள்வி கேக்கறப்பவே நான் ஒம்போதாவதப் படிச்சிட்டேன். அது வந்தா என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள வார்த்தைய சேத்து வெச்சிக்கிட்டே இருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, இன்னைக்கு மிஸ்ஸிகிட்ட சொல்லிடலாம்னு. நீங்க கேக்காம சைபர் போட்டீங்க. சரி, இது வெளிய சொல்லக்கூடாத விஷயம் போலன்னு நானும் கெளம்பிட்டேன்."

அவர் குரலில் குறையே இல்லை. லோரி வழியில் பழுதானதைச் சொல்வது போலத்தான் சொன்னார். படிக்காத லோரிக்காரர் என்று நானே முடிவு செய்து, அவருக்குத் தெரிந்த மொழியை மொழிபெயர்த்து, அவர் கண்ணெதிரிலேயே அவர் வாயை அடைத்திருக்கிறேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அலமாக், அழுவாதீங்க மிஸ்ஸி. வெளிய ஆளுங்க ஒக்காந்திருக்காங்க. எம்.சி. ராஜா என்னமோ பண்ணிட்டான்னு நெனைக்கப் போறாங்க."

பட்டப்பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு தாளை இருவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்கேர்ந்து ஆரம்பிங்க."

தமிழிலேயே கேட்டேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

"போன மாசம் மாத்திர இல்லாத அந்த நாலு நாள்ல வந்துச்சு. அதுக்கப்புறம் இல்ல, மிஸ்ஸி."

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.